பருத்திக்குள்ளே பயறு

ஜெர்வாசியோ பருத்திச் செடிகளைக் கையால் விலக்கிக் குனிந்தபோது, அவருடைய மொழிபெயர்ப்பாளரான நான் பின்னால் குடையோடு நின்றிருந்தேன். விருந்தாளியின் தலையில் வெயில் படக்கூடாது என்பது பீஜிங்கிலிருந்து கூட வந்த அதிகாரி ச்சூவின் உத்தரவு. அவர் மட்டும் மரநிழலில் காரை ஒட்டி நின்று தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். பருத்தி வரிசைகளுக்கு நடுவே, வெளியே தலை தெரியாதபடி, பாசிப்பயறு காய்த்திருந்தது. ஜெர்வாசியோ ஒரு காயைப் பறித்துப் பாதியைக் கடித்தார். எட்டு நாட்களில் அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அந்த ஊரின் கட்சிச் செயலாளர் ஹாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஐம்பது வயது, வெயிலில் காய்ந்த உடம்பு.

"தங்கச்சி, அது தானா மொளச்சதுன்னு சொல்லிருங்க" என்றார் என்னிடம் மெதுவாக.

தானாக முளைப்பது எந்த ஊரில் வரிசை பிடித்து முளைக்கிறது? பருத்தி நிலத்தில் பருத்தியைத் தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. நாலு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் பட்ட பசியை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். அதைப் பட்டவர் ஹாவ். நான் குடையைச் சாய்த்து ச்சூவின் பார்வையை மறைத்துக்கொண்டேன்.

ஜெர்வாசியோ மொசாம்பிக்காரர். போர்த்துக்கீசியரிடமிருந்து தப்பி, எல்லை தாண்டி, எங்கள் புரட்சியைப் பார்க்க வந்திருந்தார். அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு கேள்விதான். அவருடைய அம்மா நிலத்தில் எவ்வளவு பருத்தி போட வேண்டும் என்று வெள்ளைக்காரன் தீர்மானித்தான். போடாவிட்டால் சிப்பாய் வந்து அடிப்பான். விடுதலை வந்தால் பருத்தியே போட மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தாளாம் அந்த அம்மா. அவளிடம் போய் என்ன சொல்வது, உங்கள் நாட்டில் பருத்தி போடச் சொல்வது யார் என்று அவர் போன இடமெல்லாம் கேட்டார். போன இடமெல்லாம் ஏகாதிபத்தியம் என்றால் என்ன என்று விளக்கினார்கள். அதை முதுகில் வாங்கியவருக்கே விளக்கினார்கள். அந்த எட்டு நாளும் அவ்வளவையும் அவர் காதில் ஓதியது நான்தான். எனக்கே சலித்துப்போயிருந்தது.

என் போர்த்துக்கீசியம் கல்லூரியில் படித்தது இல்லை. போர்த்துக்கீசியர் ஆளும் மக்காவ் நகரில் ஒரு போர்த்துக்கீசிய அதிகாரி வீட்டில் என் அப்பா சமையல்காரர். அந்த வீட்டுச் சமையலறையில் திட்டு வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்ட மொழி. இதை முதல் நாளே ஜெர்வாசியோவிடம் சொன்னேன். "அப்ப நீ நம்மாளு" என்று தோளில் தட்டினார். அந்தத் தட்டுக்காகவே, இவருக்கு ஒரு நேரான பதிலாவது வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வயலிலிருந்து கூட்ட அறைக்கு வந்தோம். மூடி போட்ட குவளைகளில் தேநீர், தட்டில் வேர்க்கடலை, தர்பூசணி. ஜெர்வாசியோ தன் கேள்வியைக் கேட்டார். ஹாவ் வாய் திறப்பதற்குள் ச்சூ ஆரம்பித்துவிட்டார். நாற்பது நிமிஷம் பேசினார். ஹாவ் தன் குவளை மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவில் ச்சூ எழுந்து, எங்கள் வேலையில் நிறைய குறைகள் உண்டு, விருந்தாளி தயவுசெய்து தம் மேலான கருத்துகளைச் சொல்ல வேண்டும் என்றார். இது எங்களிடம் எல்லாக் கூட்டத்திலும் கடைசியில் சொல்வது. குறை ஒன்றும் இல்லை, கற்றுக்கொண்டு போகிறோம் என்று விருந்தாளி சொல்ல வேண்டும். உடனே எல்லோரும் கைதட்ட, அவரும் திருப்பிக் கைதட்ட, கார் கிளம்பும். ஏழு ஊரில் அப்படித்தான் கிளம்பியது. எட்டாவது ஊரில் ஜெர்வாசியோ எழுந்து நின்று உண்மையாகவே கருத்துச் சொன்னார்.

"இவ்ளோ நாள்ல எனக்குப் புரிஞ்ச ஒரே விஷயம் இந்த ஊர்லதான் இருக்கு" என்று ஹாவைக் கைகாட்டினார். "எங்கம்மாவும் பருத்திக்குள்ள பயறு போட்டா. சிப்பாய் வந்து புடுங்கிப் போட்டான். இவரு போட்டிருக்காரு, யாரும் புடுங்கல. இதான் விடுதலைன்னு நான் எங்கம்மாகிட்டப் போய்ச் சொல்வேன்." சொல்லும்போதே ஜன்னல் வழியாக வயலையும் காட்டினார்.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஹாவ் அந்த விரல் போன திசையைப் பார்த்தார்.

"நம்ம பருத்தி ரொம்ப நல்லா வந்திருக்காம். நட்பு வாழ்கன்னு சொல்றாரு" என்றேன்.

கைதட்டல் அறையை நிறைத்தது. ஜெர்வாசியோ தட்டவில்லை. அம்மாவின் பயற்றைப் பிடுங்கிய கதையைக் கேட்டு யாராவது இப்படிச் சிரித்தபடி கைதட்டுவார்களா? அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நான் எவ்ளோ பேசினேன், நீ ரெண்டு வார்த்தைல முடிச்சிட்ட. என்ன சொன்ன?"

அந்த அறையில் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் அந்த மொழி தெரியாது. பயறு போட்டது தெரிந்தால் ஹாவ் தொலைந்தார் என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஜெர்வாசியோ கேட்ட கேள்விக்கு அதுவே பதிலாகிவிடும். பருத்தி போடச் சொல்வது யார் என்று என் வாயாலேயே சொன்னதாகிவிடும். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"சரியாத்தான் சொன்னேன் தோழரே" என்றேன்.

"உங்கப்பா அந்த வீட்ல இப்படித்தான் பேசியிருப்பாரு" என்றார் அவர். பிறகு சாப்பாட்டின்போது கூட, வேண்டாம் என்பதைக் கையால் காட்டினார்.

வழியனுப்பும்போது ஊரே வாசலில் நின்று கையசைத்தது. ஹாவை மட்டும் காணோம். விருந்தாளி கிளம்பும் நேரத்தில் செயலாளர் இல்லாமல் இருப்பதா என்று ச்சூ முன்சீட்டில் ஏறும்வரை முணுமுணுத்தார். நானும் ஜெர்வாசியோவும் பின்னால் ஆளுக்கொரு ஜன்னலோரமாக உட்கார்ந்தோம். ஹாவ் காப்பாற்றப்பட்டுவிட்டார், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கார் ஊரைச் சுற்றி வயலோரமாகத் திரும்பியது. மூன்று மணி வெயிலில் ஹாவ் பருத்திக்குள் குனிந்திருந்தார். கூடவே அவர் மனைவி. இரண்டு கையாலும் பிடுங்கிப் பிடுங்கி வரப்பில் எறிந்துகொண்டிருந்தார்கள். பச்சைக் குவியலில் பயற்றங்காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. கார்ச் சத்தத்துக்கும் அவர் நிமிரவில்லை.

ஜெர்வாசியோ கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அட, இங்கதான் இருக்காரா. இந்த வெயில்லயும் களை எடுக்கிறாரு பாரு" என்றார் ச்சூ என்னிடம், குரலில் பெருமையோடு. "சின்ன ஃபான், விருந்தாளிக்கு அதைச் சொல்லு."

ஜெர்வாசியோ திரும்பினார். சட்டைப் பையிலிருந்து காலையில் கடித்த காயின் மீதியை எடுத்து, எங்கள் இருவருக்கும் நடுவே இருக்கையில் வைத்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்.