முதல் படியில் ஒரு பள்ளம்

மாம்பலம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், மதுக்கடையின் முதல் படியில் உட்கார்ந்திருந்த ஆசிஃபைத் தூக்க வந்த கிரேனின் கொக்கி வளைந்துபோனது. ஆசிஃப் ஒல்லி, ரங்கநாதன் தெருவில் பிளவுஸ் தைப்பவன். கிரேன் ஓட்டிய இசக்கிமுத்து இறங்கி வந்து கொக்கியைத் தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற அவன் தாய் ஷம்ஷாத்திடம், "பிள்ளைக்கு என்னம்மா சாப்பாடு போடுதீக?" என்று கேட்டார். ஷம்ஷாத் சிரிக்கவில்லை.

அந்தப் படியை அவளுக்குத் தெரியும். அவள் கணவர் மெஹபூப் அலி குடித்துக் குடித்து ஈரல் கெட்டு, ஒரு மத்தியானம் அதன்மேல்தான் செத்துக் கிடந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த சிறுவன் ஆசிஃப் தகப்பனைக் கண்டுபிடிக்கும்வரை, பாட்டில் வாங்க வந்தவர்கள் அவரைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். கடை ஒரு நிமிஷம்கூடச் சாத்தப்படவில்லை. கடையை மாற்றச் சொல்லி அவள் வருஷக்கணக்கில் மனுக் கொடுத்தாள். பள்ளிவாசலிலிருந்து வேண்டிய தூரம் தள்ளித்தான் இருக்கிறது, எல்லாம் சட்டப்படி சரி என்று பதில் வந்தது. அதற்குள் ஆசிஃபும் வளர்ந்து அதே படியில் ஏறத் தொடங்கியிருந்தான்.

குடியை விட நினைப்பவர்கள் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட அறையில் செவ்வாய்தோறும் கூடுவார்கள். ஆசிஃபும் அங்கே போனான். தன் பலத்தால் நிறுத்த முடியாது என்று முதலில் ஒப்புக்கொள்ளச் சொன்னது அவனுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. கூட இருந்த ஸ்ரீரங்கன், மாட வீதிக்காரன், "நான் ஆத்துல சொல்ற ஸ்லோகத்தையே சொல்லிண்டு உக்காந்துடறேன்டா. உங்காத்துல அப்படி ஒண்ணும் இல்லையா?" என்றான். இருந்தது. 'லா ஹவ்ல வலா குவ்வத்த இல்லா பில்லாஹ்.' இறைவனால் அன்றி அசைவும் இல்லை, பலமும் இல்லை. அவன் குடித்துவிட்டு வரும்போதெல்லாம் ஷம்ஷாத் தலையில் அடித்துக்கொண்டு சொன்னது அதைத்தான். வசவாகக் கேட்டே பழகியதை, இப்போது பொருள் உணர்ந்து மெதுவாகச் சொல்லிப் பழகினான்.

ஒரு மாலை, தையலை முடித்து வருகையில் கால் தானாக மதுக்கடைப் படியேறியது. ஆசிஃப் அந்த வார்த்தைகளைச் சொன்னான். சொன்னதும் உடம்பு பாறையாகக் கனத்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டான். யாரோ போய்ச் சொல்ல, ஷம்ஷாத் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். வாயை மோந்து பார்த்தாள். ஏலக்காய் டீ வாசனைதான் அடித்தது. செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். குடிக்கும் ஆசை அடங்கியதும் அவன் பஞ்சு மாதிரி எழுந்து, வீட்டுக்கு வந்து ரசம் ஊற்றிச் சாப்பிட்டான்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். படி குறுகல், அவனைத் தாண்டி யாராலும் உள்ளே போக முடியவில்லை.

"இன்னா நைனா, கடைக்குப் பூட்டா நீ?"

"தள்ளிப் பாத்துட்டேன் மச்சி, செவுரு மாரி கீறான்டா."

அதனால்தான் கிரேன் வந்தது. கூட வந்த அதிகாரி, "கடை சட்டப்படி இருக்கும்மா. உங்க பையன்தான் இடைஞ்சல்" என்றார்.

"இவங்க அத்தா இதே எடத்துல பொணமா கெடந்தாரே, அப்ப இடைஞ்சலா தெரியலியா சார்?" ஷம்ஷாத்தின் குரல் ஸ்டேஷன்வரை கேட்டது. "அவரைத் தூக்க ஒரு ஆட்டோகூட வரல. பொழைக்கப் பாக்குறவனுக்குக் கிரேனா?"

அதிகாரி சுவரைப் பார்த்தார். மறுநாள் காலை கொத்தனார்கள் வந்து அந்தப் பக்கச் சுவரை இடித்தார்கள். சாயந்திரம் கடைக்குப் புது வாசல் இருந்தது. அத்தனை வருஷம் ஒரு ஷட்டரை இறக்க முடியாதவர்களுக்கு, ஒரு சுவரை உடைக்க ஒரு பகல் போதுமாக இருந்தது.

ஷம்ஷாத் இன்னும் மனுக் கொடுக்கிறாள். ஆசிஃப் இன்னும் பழைய படியில் வந்து உட்கார்கிறான். சில நாள் கனம் சீக்கிரம் இறங்குகிறது; சில நாள் இரவுத் தொழுகைக்கு இஷா பாங்கு சொல்லும்வரை இறங்குவதில்லை. கருங்கல்லில் அவன் உட்காரும் இடம் பள்ளமாகிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். அவன் வேலை விட்டு வருமுன் ஷம்ஷாத் அதை மொண்டு ஊற்றி, பழைய துப்பட்டாவால் ஈரம் போகத் துடைத்து வைக்கிறாள்.