கிணற்றுக்குள் கார்ச் சாவி

கோட்டைக்குப் போவோம் என்று கேட்டவள் வேணுகாதான். சுவிஸில் திரிம்பாக் கோயிலில் அன்று மத்தியானப் பூசை அவர்கள் வீட்டு உபயம். லாங்கன்தாலிலிருந்து இரண்டு மணிநேரம் முந்தியே வந்துவிட்டார்கள். மேலே இடிந்த கோட்டை ஒன்று இருக்க, காருக்குள் ஏன் குந்தியிருக்க வேண்டும்?

எண்ணூறு வருடத்துச் சுவர்கள் இடுப்பளவில் நின்றன. அப்பா யோகராஜா வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அறை அறையாய்ப் புகுந்து வீடு பங்கிட்டார்.

"இது குசினி. இது எங்கட அறை. இதுக்குள்ள உன்ர அம்மாவை விடலாம்."

"அதுக்குக் கூரையில்லை," என்றாள் அம்மா கோசலா.

"அதுதான் சொல்லுறன்."

வேணுகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

முற்றத்து மூலையில் ஒரு பாழுங்கிணறு. கை நுழையும் இடைவெளி விட்டுக் குறுக்கே கம்பி போட்டிருந்தார்கள். அப்பா குனிந்து எட்டிப் பார்க்க, மடியில் செருகியிருந்த கார்ச் சாவி நழுவி உள்ளே போனது.

பூமாலைகள் காருக்குள். மற்றச் சாவி வீட்டில். பூசைக்கு ஒரு மணிநேரம்.

"வேட்டி மடி என்ன, லொக்கரோ?" என்றாள் அம்மா.

கைபேசி வெளிச்சத்தில் சாவி கோத்த கழுத்துப்பட்டி தெரிந்தது. ஆழம் பிடிபடவில்லை. அப்பா ஒரு கல்லை எடுத்தார்.

"பிள்ளை, நீ பௌதிகம் படிச்சனி. நான் செக்கனை எண்ணுறன், நீ ஆழத்தைச் சொல்லு." கல்லை விட்டார். "லாபம், ரெண்டு..."

டொக்.

"இருபது மீற்றர்," என்றாள் வேணுகா.

அம்மா சுவரில் குந்திவிட்டாள். "உபயத்தை வேற ஆரும் செய்யட்டும் எண்டு சொல்லுவம்," என்று அப்பா கோயில் இலக்கத்தைத் தேடினார்.

எல்லாம் தன்னால்தான். வேணுகா கல் விழுந்ததை மனதுக்குள் மறுபடி ஓட்டினாள். அப்பா ஊரில் சங்கக்கடையில் அரிசி அளந்தவர். முதல் கொத்தை ஒன்று என்று சொல்லமாட்டார், லாபம் என்பார். கொத்து நிறைந்த பிறகுதான் லாபம். இங்கே கல் கையை விட்ட கணமே சொல்லிவிட்டார்.

"அப்பா, போனை வையுங்கோ." குரல் அவளுக்கே பெரிதாய்க் கேட்டது. "லாபம் எண்டேக்க ஒரு செக்கனும் போகேல்லை. மொத்தமே ஒரு செக்கன்தான். அஞ்சு மீற்றரும் வராது."

"நான் எண்ணினது பிழையோ?"

"ஓம்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு வேட்டியை அவிழ்த்தார்.

"ஐயோ, இஞ்சேருங்கோ!" என்று அம்மா கத்தினாள்.

"உள்ளுக்குக் குளிர்க் காற்சட்டை போட்டிருக்கிறன். கத்தாதை, முடிச்சைப் போடு."

எட்டு முழ வேட்டி, அதோடு சால்வை, நுனியில் அம்மாவின் வளைபிடிக் குடை. வேணுகா தரையில் படுத்துக் கையை உள்ளே விட்டாள். மூன்றாம் முறை பட்டி கொளுவியது. நாயோடு வந்த சுவிஸ்காரத் தம்பதி கைதட்ட, அப்பா கறுப்புக் காற்சட்டையோடு இடுப்பை வளைத்து வணக்கம் வைத்தார்.

மாலைகள் மணியடிக்க முன் சேர்ந்தன. ஐயர் வேட்டியிலிருந்த சேற்றைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்கும் அப்பா அன்னதானப் பந்தியில் கதையைச் சொன்னார்.

"என்ர பிள்ளை சொன்னாள், சரியா அஞ்சு மீற்றர்!"

சாம்பார் வாளியோடு நின்ற வேணுகா, அத்தனை பேருக்கும் கேட்க, "நாலு தசம் ஒம்பது," என்று திருத்தினாள்.