சாவு வீட்டில் திருவிழா அடி

செத்துப்போன மூக்கனை மயானம் வரைக்கும் ஆட வைத்தவன் நான். அதுவும் காதில் செருகுகிற ஒரு சின்னச் சாமானை வைத்துக்கொண்டு! அன்று கூட வந்த சனமெல்லாம் என் பக்கம். தோட்டத் தலைவர் சிவசாமி மட்டும், பெட்டியின் முன்பக்கத்தைச் சுமந்தவர், “அப்படி ஒன்னும் நடக்கல” என்று சாதித்துக்கொண்டிருந்தார்.

தேயிலைத் தோட்ட ஆபீசில் கிளாக்கராயிருந்து ஓய்வு பெற்றதும் எனக்குப் பிடித்த பைத்தியம் ஹெட்போன். ஹட்டனில் ஜமால்தீன் நானாவின் கடையில் பாதி என் வீட்டில்தான் கிடக்கிறது. பக்திப் பாட்டுக்குப் பஞ்சு வைத்த பெரியது. வீணை நரம்பு பெருமூச்சு விடுவதுகூடக் கேட்கும். பஸ்ஸுக்கு வயர் வைத்தது. ஒரு காதைத் திறந்து வைத்தால்தானே கண்டக்டர் ஏசுவது கேட்கும்? தப்பு மேளத்துக்கு மட்டும் காதுக்குள் இறுக்கிச் செருகும் வயரில்லாதது. வெளிச்சத்தம் ஒரு சொட்டு வராது, அடி நேராக ஈரலில் இறங்கும்.

“கிளாக்கரய்யா, அதை ஆளுங்க மத்தியில போட்டுறாதீங்க. நீங்க கத்துறது உங்களுக்கே கேக்காது” என்றார் நானா. கேட்டேனா?

பொகவந்தலாவையில் எங்கள் தோட்டத்துச் சாவுக்கெல்லாம் தப்படித்தவன் மூக்கன். அவனே போய்ச் சேர்ந்தபோது அடிக்க ஆளில்லை. அக்கரப்பத்தனையிலிருந்து வர வேண்டியவர்கள் மண்சரிவில் மாட்டிக்கொண்டார்கள். அவன் மனைவி நாகலெட்சுமி பெட்டியை எடுக்க விடவில்லை.

“ஊருக்கெல்லாம் அடிச்ச மனுசன் ஊமையாப் போறதா?”

எனக்கும் மனசு கேட்கவில்லை. போன மாரியம்மன் திருவிழாவில் அவன் அடித்தது என் போனில் இருந்தது. குரங்குக் குல்லாவை இழுத்துவிட்டு, உள்ளே அந்த வயரில்லாததைச் செருகினேன். கொஞ்சம் கேட்டுவிட்டு எடுத்துவிடலாம் என்றுதான்.

கண்ணைத் திறந்தபோது சாவு வீடே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மெதுவாகத் தட்டுகிறேன் என்று நினைத்து, உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் கதிரையை நான் அறைந்த அறை நானுஓயா ஸ்டேசனில் கேட்டிருக்கும். “போடு மூக்கா, அப்பிடிப் போடு!” என்று கூவியும் தொலைத்திருக்கிறேன்.

சிவசாமி என் குல்லாவைப் பிடுங்கினார். காதில் செருகியிருந்ததும் கூடவே கழன்று, அடி வெளியே கசிந்தது.

“இந்த வயசுல வெக்கமா இல்ல? சாவு வீட்டுல திருவிழா அடி!”

சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி. லயத்து வீடுகளில் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும். அந்தக் கதிரைக்கடியில் எலி வளை இருந்திருந்தால் நுழைந்திருப்பேன்.

நாகலெட்சுமி எழுந்து வந்தாள். அறையட்டும் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

“யாரு அடிண்ணே இது?”

“உன் வீட்டுக்காரன்தாம்மா.”

அந்தக் காதுச் சாமானை வாங்கித் தன் காதில் வைத்தாள்.

“அவரு கைதான். ஸ்பீக்கர்ல போடுங்க.”

“திருவிழா அடிம்மா அது” என்றார் சிவசாமி.

“ஊமையாப் போறதுக்கு இது மேல், தலைவரே. தூக்குங்க.”

கோயில் ஸ்பீக்கரில் மூக்கன் அடித்தான். யார் முகத்தையும் பார்க்கக் கூசி, குனிந்தே நடந்தேன். கண்ணில் பட்டவை சிவசாமியின் கால்கள்தான். அடிக்கு அடி எகிறின. பெட்டியும் எகிறியது. மலையே கூட எகிறியதென்பேன்!

போன வாரம் டீக்கடையில் இதை அளந்துகொண்டிருந்தேன்.

“அய்யா புளுகுறாரு” என்றார் சிவசாமி, வழக்கம்போல.

சீனி வாங்க வந்த நாகலெட்சுமி நின்றாள். “தலைவரே, என் வீட்டுக்காரரு ஆடலையா?”

அவர் கிளாசைக் கீழே வைத்தார். காது மடல் சிவந்துவிட்டது.

“ஆடுனாரு தங்கச்சி. என் காலு, நான் சொன்னதக் கேக்கல.”