கேசட்டில் உட்கார்ந்திருந்த இன்னொருத்தி

1994 வைகாசியில் குடிபாலாவில் யமுனாவுக்கு நடந்த மஞ்சள் நீராட்டு வீடியோ கேசட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உண்மையில் உட்கார்ந்தது யமுனா மட்டும்தான். அவளுடைய அண்ணன் கிரண்குமார், பதினாலு வயது, சந்தனக் கிண்ணத்தோடு வாழைமரத்தோரம் நின்றதை ஊரே பார்த்தது. கேசட்டிலோ அதே முகம் பச்சைத் தாவணியும் கனகாம்பரமுமாகத் தங்கை பக்கத்தில் இருந்தது. அந்தப் பிள்ளை தனக்கு வைத்துக்கொண்ட பெயர் பிரேமலதா. நாமும் அப்படியே கூப்பிடுவோம், நம் சொத்தா குறைந்துவிடும்? கேசட்டில் தாய்மாமன் நாகபூஷணம் தன் கையாலேயே இரண்டு பேருக்கும் மாலை போட்டிருந்தார்.

அவருக்கு வந்ததே ஆத்திரம்! வீடியோக்காரரை விட்டு மூன்று தடவை அவள் உருவத்தைக் கேசட்டிலிருந்து அழிக்க வைத்தார். மூன்று தடவையும் அவள் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டாள். "மாமா, நீதான எனக்கு மாலை போட்ட?" என்று கேட்டதற்குக் கன்னத்தில் ஓர் அறை. பிறகு வேண்டுதல் என்று சொல்லித் திருமலைக்கு இழுத்துப்போய், கழுத்துவரை ஆசையாக வளர்த்த முடியை மழித்தார்கள். யாருடைய வேண்டுதல்? அவளை ஒரு வார்த்தை கேட்டார்களா? பாவிகள், கேட்கவில்லை. மலைமேல் ஸ்டுடியோவில் எடுத்த படத்தில் மாமன் தலை மொட்டை, அவளுக்கு இடுப்புவரை ஜடை. திருமலையில் பூ வைக்கக்கூடாது என்பதால் ஜடையில் பூ மட்டும் இல்லை.

"உங்க நைனா பாத்தா உன்ன ஊட்ல சேக்கமாட்டாரு" என்று குவைத்தில் வேலைபார்க்கும் அப்பாவைச் சொல்லி மிரட்டி, கேசட்டை அடுப்பில் போடச் சொன்னார் நாகபூஷணம். பிரேமலதாவுக்கு இருந்த ஒரே பயமும் அதுதான். அம்மா பச்சையம்மாள் சரியென்று வாங்கிக்கொண்டாள். குவைத்துக்குக் கிளம்பிய ஊர்க்காரரிடம், புருஷன் முனிரத்தினத்துக்கென்று கொடுத்த ஊறுகாய்ப் பொட்டலத்துக்குள் கேசட்டையும் வைத்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை எஸ்.டி.டி. பூத்துக்கு போன் வந்தது. "யமுனா பக்கத்துல குந்திக்கினு கீற பொண்ணு யாரு?" என்றார் முனிரத்தினம். மொட்டைத் தலையோடு பிரேமலதா அம்மா கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள்.

"நான்தான் நைனா."

"முன்னயே சொல்லக்கூடாதாம்மா? வளையலு ஒருத்திக்குத்தான வாங்கி வச்சிகிறேன்."

மறுவருஷம் அவர் இரண்டு ஜோடி வளையலோடு வந்து இறங்கினார். மாலை போட்ட தாய்மாமன் ஆயிற்றே, நாகபூஷணம் இப்போதும் பொங்கலுக்கு இரண்டு புடவை எடுத்துக்கொண்டு வருகிறார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.