புஷ்பமேரி காத்திருந்த மருந்து

மாதா கோவில் திருவிழாவுக்காக ஆக்ஸிலியா பெங்களூரிலிருந்து கொடைக்கானலுக்கு வந்த அன்றே, பக்கத்து வீட்டுப் புஷ்பமேரி ஒரு பை பேரிக்காயுடன் வந்துவிட்டார்.

"ஆளே உருகிட்டியே பாப்பா. அங்கன சோறு போடமாட்டாகளா?"

"நீங்கதான் அத்தை மெலிஞ்சு கெடக்கீங்க."

உண்மைதான். மிஷன் விடுதியில் ஈரக் கம்பளிகளை ஒற்றை ஆளாகப் பிழிந்து போடும் கைகள் அவை. இப்போது அவற்றின்மேல் ரவிக்கை தொளதொளவென்று கிடந்தது.

அம்மா டீ போட உள்ளே போனதும் புஷ்பமேரி குரலைத் தாழ்த்தினார். "கொண்டாந்திருக்கியா?"

"எதை?"

"வைர மருந்தை."

அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தாள். "எங்காதுல போட ஒரு பொட்டு வைரத்துக்கு வழியில்ல. மகாராணி அதை மருந்துல கலக்குறாளாம்!"

ஆக்ஸிலியாவும் சிரித்தாள். புஷ்பமேரி சிரிக்கவில்லை. அவள் கையைப் பிடித்து, முந்தானைக்குள் கொண்டுபோய்த் தன் இடது மார்பில் வைத்தார். தோலுக்கடியில் கல்லாக இருந்தது.

போன கிறிஸ்துமஸ் பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் ஆக்ஸிலியாவைப் பீடத்தருகே அழைத்து, "நம்ம தெருப்பிள்ளை கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்குது, ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்றிருந்தார். அவளும் உற்சாகமாகப் பேசினாள். கண்ணுக்கே தெரியாத வைரத்துகள்கள். மேலே ஒரு பூச்சு பூசினால் அவை ஒன்றோடொன்று கட்டிக்கொள்ளாமல் இரத்தத்தில் ஓடும். புற்றுநோய் செல்லைத் தேடிப்பிடித்து அங்கே போய் ஒளிரும். சுமந்துபோன மருந்தை அங்கேயே இறக்கும். "ஒரு களைக்காகப் பூண்டுக்காடு முழுக்க மருந்தடிக்க வேண்டாம். களை மேல மட்டும் அடிக்கலாம்" என்றாள். கைதட்டினார்கள். எல்லாம் இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது என்பதையும் அவள் சொல்லத்தான் செய்தாள். ஆனால் அதைக் கடைசியில் சொன்னாள். அதற்குள் வாசலில் கேக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"அத்தை, டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?"

"காட்டாமயா? மதுரையில தை மாசம் ஆபரேசனுக்கு நாள் குறிச்சாக. அதுக்குள்ளதான் நீ கோவில்ல பேசுனியே. அன்னைக்குக் காலையிலதான் மாதாகிட்ட ஒரு வழி காட்டுன்னு அழுதுட்டு உக்காந்திருந்தேன். நம்ம தெருப்பிள்ளை கையால மருந்து வருதுன்னா அது மாதா குடுத்த பதில் இல்லையா? அதை விட்டுட்டு வெட்டிக்கப் போனா நான் விசுவாசமில்லாதவளா ஆயிருவேன்ல?"

"மாமாவுக்குத் தெரியுமா?"

"புது மருந்து வருது, டாக்டரம்மா பொறுக்கச் சொன்னாகன்னு சொல்லி வச்சிருக்கேன்." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக, "வைரத்தைத் தின்னா செத்துருவாகன்னு சொல்லுவாகள்ல? அந்த விஷம் ஏறாம இருக்கத்தான் நீங்க மேல பூசுறீக? நான் பயப்படல பாப்பா. நீ பூசுனதுதானே" என்றார்.

"அத்தை, அது தட்டுல வளர்த்த செல்லுலதான் போட்டுப் பாத்திருக்கோம். இன்னும் எலிக்குக்கூடப் போடல."

புஷ்பமேரி பேரிக்காய்ப் பையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எலிக்குப் பதிலா எனக்குப் போட்டுப் பாக்கக்கூடாதா?"

மறுநாள் வெள்ளனே இருவரும் மதுரை பஸ் ஏறினார்கள். பரிசோதனைகளெல்லாம் முடிந்து டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். எலும்பு வரை போய்விட்டது. இனி அறுவைசிகிச்சையால் பயனில்லை. வலியைக் குறைக்கலாம், கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம்.

"தையிலயே வந்திருந்தா எடுத்திருப்பேனேம்மா. யார் பேச்சைக் கேட்டு நின்னீங்க?"

"யாரும் சொல்லலைங்க" என்றார் புஷ்பமேரி, சட்டென்று. "நாந்தான் கத்திக்குப் பயந்து இருந்துட்டேன்."

ஆக்ஸிலியா வாய் திறந்தாள். மேசைக்கடியில் புஷ்பமேரியின் விரல்கள் அவள் முழங்காலை அழுத்தின. டாக்டரம்மா படிப்பறிவில்லாத பயத்தைப் பற்றி நன்றாகத் திட்டினார். புஷ்பமேரி தலைகுனிந்து அதைக் கேட்டுக்கொண்டார், தனக்கு உரியதுபோல. கனிவுக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு. நம்மைக் காப்பாற்றிவிட்டு, தூங்கவிடாமல் செய்துவிடும்.

அந்த ஞாயிறு புஷ்பமேரியால் பூசைக்கு வர முடியவில்லை. ஆக்ஸிலியா சாமியாரிடம் மைக்கைக் கேட்டு வாங்கினாள். உபகாரம் மாமா ஆண்கள் பக்கம் தூணோரம் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா சொல்லித்தான் மனைவி காத்திருந்தாள் என்றே அவர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார்.

"கிறிஸ்துமசுக்கு நான் பேசுனது மருந்து இல்ல" என்றாள். "ஆராய்ச்சி. எத்தனை வருசம் ஆகும்னு தெரியாது. வராமலே போனாலும் போகும். அதை நம்பி நம்ம புஷ்பமேரி அத்தை ஆபரேசனுக்குப் போகாம இருந்துட்டாங்க. தப்பு என்மேல. யாருக்காவது கட்டி இருந்தா, தயவுசெஞ்சு வெரசா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த பாப்பம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது: "எம்புட்டுத் தன்னடக்கம் பாரு பிள்ளைக்கு! சாமி கண்டிப்பா அவ கையில மருந்தைக் குடுப்பாரு." தலைகள் ஆமாம் என்று ஆடின. இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள்.

உபகாரம் எழுந்தார். மலைப்பாதையில் லாரி ஓட்டிய உடம்பு. நேராகப் பீடத்தருகே வந்தார். அடிக்கப் போகிறார் என்றே ஆக்ஸிலியா நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள். அவர் அவள் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"கையத் தட்டாதீக" என்றார். "பிள்ளை தன்னடக்கத்துல சொல்லல. நெசத்தச் சொல்லுது. எம் பொண்டாட்டி வீட்டுல படுத்துக் கெடக்கா. போய்ப் பாத்துட்டு வந்து தட்டுங்க."

மைக்கைச் சாமியாரிடம் கொடுத்துவிட்டு, ஆக்ஸிலியாவைப் பாராமலே இறங்கிப் போனார். அன்று மட்டுமல்ல, புஷ்பமேரியை அடக்கம் செய்த நாளிலும் அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

வாசலில் கூட்டம் கலைந்த பிறகு, பேத்துப்பாறையிலிருந்து பூசைக்கு வரும் ஒரு பெண் மட்டும் சுவரோரம் நின்றாள். முந்தானையை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அக்கா, மதுரைக்கு முத பஸ்சு எத்தனை மணிக்கு? எனக்கு அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில வழி தெரியாது."

"நானும் வாறேன்" என்றாள் ஆக்ஸிலியா. "நாளைக்கே போவோம்."