சாப்பாட்டு நேரத்தில் ஜீரணம்

பதினொன்றரைக்குச் சங்கு ஊதினால் சின்னசாமியின் வயிறு தானாகவே தயாராகிவிடும். அன்றும் தயாரானது. ஆனால் கேன்டீன் சுவரில் ஆளுயரப் படம் ஒன்று தொங்கியது. தோலுரித்த மனிதன், வாயிலிருந்து கடைசிவரை குழாய் குழாயாக. பக்கத்தில் பர்சனல் ஆபீசர் ஜானகிராமன், கையில் பிரம்போடு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்த போல்ட் கம்பெனிக்கு எண்பத்தேழில் திடீரென்று தொழிலாளர் ஆரோக்கியத்தின் மேல் பாசம் பொங்கிவிட்டது. உற்பத்தி கெடக் கூடாதே என்று சொற்பொழிவைச் சாப்பாட்டு அரை மணியில் வைத்தார்கள். முடியும்வரை டிபன் பாக்ஸை யாரும் திறக்கக் கூடாது.

சின்னசாமிக்கு இரைப்பையில் புண். மூன்று மணி நேரத்துக்கு மேல் காலி வயிறாக இருந்தால் மறுபடி ரத்தமாக வாந்தி வரும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஒன்பது மணிக்குத் தின்ற பன் எப்போதோ கரைந்தாயிற்று. மெஷின் பக்கத்தில் தின்றதற்குப் போன மாதம் மெமோ கொடுத்தார்கள். இன்னொரு தடவை பிடிபட்டால் சஸ்பெண்டு. மெமோவில் கையெழுத்து ஜானகிராமனுடையது. இந்த அரை மணியை விட்டால் ஷிப்டு முடியும் மூன்றரை வரைக்கும் வழியில்லை.

"நம் வயிறும் ஒரு தொழிற்சாலை, நண்பர்களே. அங்கே லீவு கிடையாது, ஸ்டிரைக் கிடையாது," என்று ஆரம்பித்தார் ஜானகிராமன். அந்தத் தொழிற்சாலையின் வாசலான வாயைத் தாண்டவே அவருக்குப் பத்து நிமிடம் ஆயிற்று.

"கேட்லயே நின்னுகினு கீறாரு. எப்ப உள்ள போவாரு?" என்றான் பக்கத்து மெஷின் துலுக்கானம். "உனுக்கு எப்டி கீது அண்ணாத்தே?"

"எரியுது," என்றார் சின்னசாமி.

ஜானகிராமனின் கண் அவர்மேல் விழுந்தது. "அல்சர் கேஸ் நீதானேப்பா? இப்படி வா."

சின்னசாமி டிபன் பாக்ஸோடு போய்ப் படத்தின் பக்கத்தில் நின்றார். பிரம்பின் நுனி அவர் வயிற்றில் எரிகிற இடத்திலேயே வந்து குத்தியது.

"இதுதான் இரைப்பை. உள்ளே அமிலம் சுரக்கும். சோறு வந்தால் அதைக் கூழாகக் கடையும். இப்போ உன் இரைப்பையில் என்ன நடக்கிறது, சொல்லு."

"ஒண்ணும் நடக்கல சார். சோறு இன்னும் வரல."

கூட்டம் சிரித்தது. சின்னசாமி சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை; வேறு பதில் யோசிக்கத் தெம்பில்லை. அதே குரலில், "பாக்ஸு கைலயே கீது சார். துன்னு காட்னா எல்லாருக்கும் வெளங்கும்," என்றார்.

ஜானகிராமன் யோசித்தார். செய்முறை விளக்கம். மேலிடத்துக்கு எழுதும் அறிக்கையில் அந்த வார்த்தை எடுப்பாக இருக்கும். தலையசைத்தார்.

மனைவி வனஜா உப்பு காரம் இல்லாமல் குழைத்துக் கட்டியிருந்த மோர்ச் சோறு. சின்னசாமி ஒரு வாய் வைத்து மென்றார். "பாருங்கள், உமிழ்நீர் கலக்கிறது," என்றார் ஆபீசர். விழுங்கியதும் பிரம்பு தொண்டையிலிருந்து மார்பு வழியாக உணவுக்குழாயைக் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. தின்னாத அறுபது பேர் தின்கிற ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னசாமியால் தலையைத் தூக்க முடியவில்லை. கை மட்டும் நிற்கவில்லை. வயிற்றில் எரிச்சல் மெல்ல மெல்ல அடங்கியது.

கணையநீர் முடிந்து பித்தநீர் வந்தபோது சங்கு ஊதிவிட்டது. இருபது அடிச் சிறுகுடலை ஜானகிராமன் ஒரே வாக்கியத்தில் தாண்டி, படத்தைச் சுருட்டிக்கொண்டு ஆபீசர்களின் சாப்பாட்டு அறைக்குப் போனார். அங்கே சொற்பொழிவு கிடையாது. திறக்காத பாக்ஸுகள் ஷெட்டுக்குத் திரும்பின.

"மீதி?" என்றான் துலுக்கானம்.

"நாளிக்கு பெருங்குடலாம்."

"அதுக்கும் நீதான் செஞ்சு காட்டணுமா?"

சின்னசாமி சிரிக்கவில்லை, சிரித்தால் புண் இழுக்கும். தன் பாக்ஸை அவன் கையில் கொடுத்தார்.

"ரெண்டு வாய் வெச்சிகீறேன். கக்கூஸாண்ட போய் துன்னுட்டு வா. மெஷினாண்ட துன்னா மெமோ."