எந்த அட்டையில் அதிகம்

துபாயிலிருந்து ஊருக்கே திரும்பிவிட்ட மறுவாரம், கிதிர் முகம்மது மகளின் படிப்பைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அஃப்ரினுக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்கு இருப்பது வில்லியம்ஸ் சிண்ட்ரோம், குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லை என்று இரண்டு வயதிலேயே இருதய டாக்டர் சொல்லியிருந்தார். வாய் மட்டும் ஓயாது. கடையநல்லூர் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்களையும் நலம் விசாரிப்பாள். நூறுவரை தட்டாமல் சொல்வாள். அதைக் கேட்டுவிட்டு, பிள்ளைக்கு எல்லாம் வருகிறது, நீதான் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை என்று மனைவி ரஹ்மத்திடம் சொன்னார்.

எட்டு வருடமாகப் புளியங்கொட்டையும் பொத்தானும் பரப்பி வைத்து உட்கார்ந்தவள் ரஹ்மத். ஆறு கொட்டைகளை எண்ணச் சொன்னால் அஃப்ரினின் விரல் ஒன்றை இரண்டு தரம் தொடும், ஒன்றை விட்டுவிடும். வாய் அதன்போக்கில் பதினொன்றில் போய் நிற்கும்.

இருபது நாள் அவரும் பாடுபட்டார். பிறகு, தென்காசியில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கும் ஸ்வர்ணா என்ற உளவியலாளரிடம் போகலாம் என்று அவரே சொன்னார்.

ஸ்வர்ணா புள்ளி போட்ட இரண்டு அட்டைகளைக் காட்டி எதில் அதிகம் என்று கேட்டாள். ஒன்றில் எட்டு, மற்றதில் பதினாறு. அஃப்ரின் அவளுடைய கம்மல் நன்றாயிருப்பதாகச் சொல்லிவிட்டு, எட்டைத் தொட்டாள். நான்கு கட்டைகளைச் சதுரமாக அடுக்கிக் காட்டி அதேபோல் வைக்கச் சொன்னதற்கு, வரிசையாக வைத்தாள்.

"எண்ணோட பேரெல்லாம் காதுவழியா வந்துட்டு, சார்," என்றாள் ஸ்வர்ணா. "எவ்வளவுங்கிறத நாம பெரும்பாலும் கண்ணால பாத்துத்தான் பழகுதோம். எது எங்க இருக்கு, எவ்வளவு எடம் அடைக்குதுன்னு பாக்குற திறமை இவளுக்குக் கம்மி. அம்மா சொல்லித்தராததால வந்தது இல்ல."

ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து, சத்தம் கேட்க டப்பாவில் போடவைத்து எண்ணப் பழக்கலாம், ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம் என்றாள்.

உன் தப்பில்லை என்று யாராவது சொன்னால் அழுதுவிடுவோம் என்று ரஹ்மத் நினைத்திருந்தாள். அழுகை வரவில்லை. வீட்டில் ஊறவைத்த துணி ஞாபகம் வந்தது.

அருவிக்குப் போகணும் என்று அஃப்ரின் நச்சரித்ததால் பழைய குற்றாலம் போனார்கள். பெண்கள் பக்கம் மகளைக் குளிக்கவைத்துவிட்டு, ரஹ்மத் ஈரப் புடவையோடு படி இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் அஃப்ரின் நின்றாள். அவள் கால் அடுத்த படியைக் காற்றில் தேடியது. ரஹ்மத் தோளைக் கொடுத்தபடி பக்கவாட்டில் இறங்கினாள். கிதிர் முகம்மது பார்த்துக்கொண்டே வந்தார்.

"எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும்."

"போன்ல ஒரு நாளும் சொல்லலையே."

"சொன்னேன். நூறுவரை சொல்லுதவளுக்குப் படி எறங்க வராதான்னு கேட்டிய."

அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, மனைவியிடம், நீ இங்கன இரி, நான் கூட்டிட்டுப் போறேன் என்றார்.

ரஹ்மத் ஓரச் சுவரில் உட்கார்ந்தாள். சாரல் விழுந்தது. படிக்கு ஓர் எண்ணாக அவர் சொல்வதும், மகள் முந்திக்கொண்டு பத்துக்குப் போவதும், அவர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவதும் கேட்டன. சும்மா இருந்த கையை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. கண் சொருகியது. அவர் கீழிருந்து மூன்றாம் முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்து போனாள்.

"படியும் எண்ணும் நாலுக்கு மேல சேர மாட்டேங்குது," என்றார். களைத்திருந்தார்.

ரஹ்மத் மகளின் தலையைத் துவட்டினாள்.

"நாளைக்கும் நீங்களே பாருங்க," என்றாள்.